கிணறும் குரலும்

தன் முகத்தைத் தான் காண்பதற்குக் கண்ணாடி வேண்டும். தன் குரலைத் தான் கேட்பதற்கோ எதுவும் வேண்டியதில்லை என்றே நம்மிற் பலரும் எண்ணியிருக்கின்றோம். ஆயினும், ஒலிப்பதிவில் முதன்முதலாகத் தன் குரலைக் கேட்பவர் "இது என்னுடையதன்று" எனத் திடுக்கிடுவதே இயல்பு. நாம் பாடும்போது குரலானது காற்றின் வழியே மட்டுமன்றி மண்டையோட்டின் எலும்பின் வழியாகவும் உட்செவியை அடைகின்றது. அவ்வாறு உள்வழியாக வருவது தாழ்ந்த ஒலிகளை மிகுவித்துக் காட்டும். எனவே, நாம் அறிந்த எமது குரல் பிறர் அறிந்த குரலிலும் கனமானது. ஓரளவு கற்பனையானதும் ஆகும். கடந்த விடுமுறையில் இவ்வுண்மையை நான் மூன்று இரவுகளிற் கற்றுக்கொண்டேன்.

எனக்குத் தேவாரப் பண்களைப் பாடக் கற்பித்தவர் அப்பப்பா. சிறு வயதில் எங்கள் வளவுக் கிணற்றினுள் எட்டிப் பார்த்துப் பாடுவதில் எனக்குப் பெருவிருப்பு. கிணற்றின் கற்சுவர்கள் குரலை வாங்கி, நீட்டி, மெருகேற்றித் திருப்பித் தரும். ஒருநாள் அவர் பின்னால் வந்து நின்று கேட்டார். "பிள்ளை, பாடுறது நீயில்லை, கிணறு. இஞ்சாலை வந்து பாடு பாப்பம்" என்றார். முற்றத்து வெயிலில் நின்று பாடியபோது, என் குரல் எவ்வளவு மெலிந்தது என்பது எனக்கே கேட்டது.

அவர் மறைந்து ஓராண்டு நிறைந்த திவசத்துக்குக் கனடாவிலிருந்து சித்தப்பா வர இயலவில்லை. அப்பப்பா கற்பித்த கௌசிகப் பண்ணிலே ஒரு பதிகத்தைப் பாடிப் பதிவுசெய்து அனுப்புமாறு கேட்டிருந்தார். நண்பன் ஒருவனிடம் ஒலிவாங்கியையும், அதனைக் கணனியுடன் இணைக்கும் சிறு பெட்டியையும் இரவல் பெற்றேன். மின்விசிறியை நிறுத்தி, கதவிடுக்கிற் பழஞ்சாரத்தை அடைத்து, ஊரடங்கிய பின் பாடத் தொடங்கினேன்.

ஹெட்போன் செவிகளை மூடியதும் அறையின் இயல்பான முழக்கம் அற்றுப்போகின்றது. எஞ்சுவது வறண்ட குரல். தம்புராவின் சுருதி ஒருபுறமும் தன் மூச்சொலி மறுபுறமுமாக அது தனித்து நிற்கும். பாடுவோர் இதனாற் கூச்சமடைவர். ஆகவேதான் ஒலிப்பதிவுக் கூடங்களிற் பாடகரின் செவிக்கு மட்டும் சிறிது செயற்கை முழக்கம் சேர்த்துக் கொடுப்பர். 'றிவேர்ப்' என்பது இதன் பெயர். இதன் முன்னோரும் கிணற்றின் உறவினரே. 1947இல் சிக்காக்கோவில் பில் புட்னம் என்னும் ஒலிப்பதிவாளர், ஹார்மோனிக்காட்ஸ் குழுவினரின் இசைத்தட்டுக்காகக் குளியலறையொன்றை எதிரொலி அறையாகப் பயன்படுத்தினார். இன்று அந்த அறை கணனிக்குள் எண்கணக்காக அடங்கிவிட்டது.

முதலிரவில் அந்த முழக்கத்தை நிறையவே சேர்த்துக்கொண்டு பாடினேன். கோயில் மண்டபத்தில் நிற்பது போன்ற உணர்வு! ஆனால் ஏதோவொன்று காலை இடறியது. கணனி ஒலியைத் துண்டு துண்டாகவே கையாளும். செக்கனுக்கு 48,000 மாதிரிகள் எடுக்கையில் ஒரு துண்டு 512 மாதிரிகளாயின், உட்செல்ல ஏறத்தாழ 11 மில்லிசெக்கன், வெளிவர மேலும் 11 மில்லிசெக்கன். அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏழு மீற்றருக்கு மேல் சென்றுவிடும். முற்றத்தின் மறுகரையில் நின்று எவரோ என்னைப் பின்தொடர்ந்து பாடுவது போலிருந்தது. துண்டுகளைச் சிறிதாக்கினால் என் பழைய கணனி பொரியத் தொடங்கியது.

இதனினும் பெரிய ஏமாற்றம் மறுநாட் காலையிற் காத்திருந்தது. முழக்கத்தை நீக்கிப் பதிவைக் கேட்டேன். கௌசிகப் பண் இன்று பைரவி இராகத்திற் பாடப்படுவது. அதில் ஏறும்போது ஒரு தைவதமும் இறங்கும்போது அதனிலும் தாழ்ந்த தைவதமும் வரும். நான் இரண்டையும் ஏறத்தாழ ஒன்றாகவே பாடியிருந்தேன். முன்னைய சுரத்தின் வால் பின்னைய சுரத்தின் மேற் படர்ந்திருந்தமையால், பாடும்போது பிழை தெரியவேயில்லை. மீண்டும் கிணறே பாடியிருந்தது.

இரண்டாம் இரவு வீம்புடன் வறண்ட குரலை மட்டுமே கேட்டுப் பாடினேன். சுரம் பிழைக்கவில்லை, பாட்டுத்தான் பிழைத்தது. ஒவ்வொரு சுரத்தையும் சோதித்துச் சோதித்து வைத்தமையால், அழுது கரைய வேண்டிய பதிகம் பரீட்சை விடை போலாயிற்று.

மூன்றாம் இரவில் வழி தெரிந்தது. அந்தச் சிறு பெட்டியிலேயே, குரலைக் கணனிக்குட் செல்லவிடாது நேரே செவிக்கு அனுப்பும் வசதி உண்டு. அதனாற் குரல் தாமதமின்றி வந்தது. கணனியிலிருந்து குரலைத் தவிர்த்து, முழக்கத்தை மட்டும் மிக மெல்லியதாக எடுத்துக்கொண்டேன். முழக்கம் சற்றுப் பிந்தி வந்தாற் குற்றமில்லை. மண்டபத்திலும் அது சுவரைத் தொட்டுப் பிந்தியே வருகின்றது. ஹெட்போனின் ஒரு பக்கத்தைச் செவியிலிருந்து சிறிது விலக்கி, அறையில் ஒலித்த என் குரலையும் கேட்டேன். பதிவிலோ வறண்ட குரல் மட்டுமே விழுந்தது. செவிக்கு ஆறுதலும் பதிவுக்கு உண்மையுமாக இரண்டும் அவ்வாறு பிரிந்து நின்றன.

அனுப்புமுன், முழக்கத்தை மேலே பூசிவிடலாமா என்ற சபலம் எழாமலில்லை. இறக்கத்தில் ஓரிடம் இன்னும் சரியாக அமையவில்லை என்பதை நான் அறிவேன். பூசினால் அது மறைந்துவிடும். நெடுநேரம் யோசித்தபின் அப்படியே அனுப்பினேன்.

திவசத்தன்று இரவு சித்தப்பா தொலைபேசியிற் பேசினார். சிறிது நேரம் எதுவும் சொல்லவில்லை. பின்னர், "மூண்டாவது பாட்டிலை தைவதம் கொஞ்சம் கூடிப் போச்சு, என்ன? அப்பா இருந்திருந்தால் திருப்பிப் பாட விட்டிருப்பார்" என்றார். அப்பப்பாவிடம் நான் கற்ற அதே பண்ணை, எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அதே முற்றத்தில் நின்று கற்றவர் அவர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு வருத்தம் தோன்றவில்லை. அடுத்த நாள் அந்த ஒரு பாட்டை மட்டும் திரும்பவும் பாடினேன்.