கொலுசு இறுகிய நாட்கள்

மே 6
தலைசுற்றலென்று டாக்டரிடம் போனேன். அழுத்தம் 168/102. காலையில் அம்லோடிபின் 5, இரவில் அட்டெனோலால் 50. நிறுத்தாமல் சாப்பிட வேண்டுமாம். வீட்டில் சொல்லவில்லை.

மே 8
சொல்லிவிட்டேன். மருமகள் ஊறுகாய் ஜாடியை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டாள்.

ஜூன் 3
அழுத்தம் இறங்கவில்லை. அம்லோடிபின் இனி 10.

ஜூன் 19
கொலுசைக் கழற்ற முடியவில்லை. சிவதாபுரத்தில் முப்பது வருடமாகக் கொலுசுக்குத் திருகு வைக்கிறவள் நான். என் காலில் இருக்கும் திருகு என் விரலுக்கே அகப்படவில்லை. சோப்பு போட்டு மகன்தான் கழற்றினான். சலங்கை இருந்த இடமெல்லாம் வரிசையாகப் பள்ளம். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விழுந்த குழி பத்து எண்ணியும் மேலே வரவில்லை.

ஜூன் 23
அரிசிக் கடைத் தராசில் ஏறினேன். 61 இருந்தவள் 64. சாப்பாடு கூடவில்லை. பட்டறையில் ஒரு கிராம் வெள்ளி குறைந்தாலும் தரையைக் கூட்டி அள்ளி, கணக்கு நேரானால்தான் எழுந்திருப்போம். இந்த மூன்று கிலோவுக்கு யார் கணக்குச் சொல்வார்? "மாத்திரைதான் ஊத வைக்குது, நிறுத்திப் பாரு கண்ணு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டையும் நிறுத்திவிட்டேன்.

ஜூன் 29
கால் வற்றிவிட்டது. சந்தோஷம்.

ஜூலை 2
இரவெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மா ஞாபகம். கை கால் இழுத்துக் கிடந்தபோது அவள் கொலுசை நான்தான் கழற்றினேன்.

ஜூலை 4
மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பெண் பட்டையைக் கட்டிப் பார்த்தாள். 182/108. "ஏனுங்கக்கா, மாத்திரை சாப்பிடலீங்களா?" பொய் சொல்ல வாய் வரவில்லை. 2021-இல் இந்தத் திட்டம் வந்தபோது, வாசலுக்கே வந்து அழுத்தம் பார்ப்பது எதற்கு என்று நினைத்தவள் நான்.

ஜூலை 5
டாக்டரிடம் போனேன். அவர் திட்டவில்லை. காலில் ஏறியது கொழுப்பு இல்லை, நீர் என்றார். அம்லோடிபின் சின்ன ரத்தக் குழாய்களைத் தளர்த்தும்போது நீர் கசிந்து கணுக்காலில் தங்குமாம். அளவு கூடினால் வீக்கமும் கூடுமாம். அட்டெனோலால் வேறு மாதிரி. இதயத்தை நிதானப்படுத்துகிறது, உடம்பு செலவழிக்கும் சக்தியும் கொஞ்சம் குறைகிறது. ஆய்வுகளில் எடை கூடியது சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அதுவும் முதல் சில மாதங்களில். அலுப்பாக இருக்கிறதென்று சாயங்கால நடையை நான் விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அட்டெனோலாலைத் திடீரென்று நிறுத்தியதைத்தான் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். இதய நோய் உள்ளவர்களுக்கு அது மாரடைப்பு வரை கொண்டுபோய் விடுமாம். அம்லோடிபினை 5 ஆக்கி, கூடவே லோசார்டான் தந்தார். அது எடையைக் கூட்டாதாம். முதலிலேயே கேட்டிருக்கலாம். வாய் இருந்தது, கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7
கோட்டை மாரியம்மன் பண்டிகை. கூழ் குடித்தேன். கருவாட்டைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 24
138/86. எடை 62.5. கொலுசு போட்டேன், திருகு விரலுக்கு அகப்பட்டது. மீதி ஒன்றரைக் கிலோ அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவும் தன் மாத்திரையை நிறுத்தி நாலு மாதமாகிறதாம். இன்றைக்குத்தான் சொன்னார். நாளைக் காலையில் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.