மொட்டை மாடியும் தார்த்தாளும்

சென்னைக்கு வருகிறவர்கள் மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். குளத்தைக் குனிந்து பார்க்கிறார்கள். மாட வீதியில் காப்பி அருந்திவிட்டுத் திரும்புகிறார்கள். கோபுரத்துக்கும் குளத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில் வீட்டுக் கூரைகள் என்று ஒரு காட்சி இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. சித்திரை மாதத்தில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்தவர்களுக்கு மட்டும் அதன் உக்கிரம் தெரியும்.

மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் இன்னும் சில ஓட்டு வீடுகள் உள்ளன. நாட்டு ஓடு நம் குயவர் செய்தது. பட்டையாக, ஒன்றோடொன்று கொக்கி போட்டுக் கொள்வதுபோல் அமைந்திருப்பது மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற பாதிரிமார் சங்கம் 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையில் அது பிறந்தது. இரண்டும் சுட்ட மண்ணே. சூளை நெருப்பைக் கண்டு வந்த மண்ணுக்குச் சூரியன் ஒரு பொருட்டல்ல.

ஆனால், சென்னையின் சொந்தக் கூரை ஓட்டுக் கூரையன்று. ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கட்டடக்காரர்கள் சொல்லும் தட்டை மச்சுதான். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மெல்லிய சிறு செங்கற்களை அவற்றின்மேல் குத்துவாக்கில், சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டாப்புளியால் நாட்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். தியாகராய நகர் 1920-களில் பழைய ஏரிப் பரப்பின்மேல் எழுந்தபோது, அங்கே கட்டிய வீடுகள் பலவற்றுக்கு இதுவே கூரை. நான் குடியிருப்பதும் அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான்.

அந்தக் கூரைக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். ஐப்பசி மழையில் கூடத்தில் ஒரு சொட்டு விழுந்தது. சுண்ணாம்புத் தளம் போடுகிறவர் அகப்படவில்லை. அகப்பட்ட ஒப்பந்தக்காரர், “ஒரே நாள் வேலை, சார்! பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்” என்று சொல்லி, மாடி முழுவதும் தார்த்தாள் ஒட்டிவிட்டுப் போனார். மூன்றாவது கோடையில் அது கொப்புளித்தது. நான்காவதில் அப்பளம்போல் நொறுங்கியது.

நாம் பொதுவாகத் தார் என்று சொல்வது பெட்ரோலியத்தை வடித்த பின் அடியில் தங்கும் கீல். அது வளைந்து கொடுப்பதற்குக் காரணம் அதிலுள்ள எண்ணெய்ப் பசை. கருநிறமாதலால் வெயிலை முழுவதும் விழுங்கிக்கொள்ளும். காற்று நாற்பது டிகிரியாயிருக்கும்போது கருங்கூரை அறுபதையும் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் எண்ணெய் சிறிது சிறிதாக ஆவியாகிறது. புற ஊதாக் கதிர்களும் பிராணவாயுவும் சேர்ந்து மிஞ்சியதை இறுக்கி உலர்த்துகின்றன. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் பொருள் இறுகிவிட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? அமெரிக்காவில் வீடுகள் பெரும்பாலானவற்றுக்குக் கீல் ஓடுதான் கூரை. அதன்மேல் கல் பொடியைத் தூவியிருப்பது அழகுக்காக மட்டுமன்று, கதிரைத் தடுப்பதற்காக. பொடி உதிர உதிர ஓட்டின் ஆயுள் குறைகிறது. அங்கேயும் அரிசோனா போன்ற பாலை வெயிலில் அது சீக்கிரமே கிழடு தட்டிவிடுகிறது.

நம் ஊரிலோ ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றியே கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2003 மே மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தொட்டதும் இதே ஊரில்தான். ஒழுகும்போது மழையைத் திட்டுகிறோம். வாஸ்தவத்தில் கெடுத்தது சித்திரை, காட்டிக்கொடுத்தது ஐப்பசி.

அடையாறு ஆற்றைக் கடந்து கடற்கரைக்குப் போனால் இவற்றோடு காற்றும் உப்பும் சேர்கின்றன. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயல் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசியபோது, விளிம்பு தூக்கிய கூரை எதுவும் நிற்கவில்லை. ஆனால், தார்த்தாளின் கொடுமையை அதற்கு முன்பே அறிந்தவர்கள் மீனவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையோரத்தில் எழுப்பிய தற்காலிகக் குடியிருப்புகள் பலவற்றில் தார்த்தாளே கூரை, அதுவே சுவர். கடலுக்குத் தப்பியவர்கள் பகலில் அதற்குள் இருக்க முடியாமல் வெளியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கீற்றுக் கொட்டகை ஆயிரம் மடங்கு மேல் என்பேன். தீப்பயம் ஒன்றுதான் அதன் குறை.

என் வீட்டுக்குத் திரும்புகிறேன். தேடிப் பிடித்து அழைத்துவந்த முதிய கொத்தனார் தார்த்தாளைக் கிழித்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“வாத்தியாரையா! மேலே தாரை ஊற்றி மூடிவிட்டீர்களே, உள்ளே இருக்கிற ஈரம் எந்த வழியாகப் போகும்?”

சுண்ணாம்பு மூச்சு விடும் பொருள். மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். மயிரிழை வெடிப்பு விட்டாலும், கரைந்த சுண்ணாம்பு அதில் மீண்டும் படிந்து தானே அடைத்துக்கொள்ளும். தாரால் மூடியதும் ஈரம் கீழ்நோக்கித் திரும்பிற்று. சுவருக்குள் புதைந்திருந்த தேக்குக் கட்டைகளில் இரண்டின் நுனி இற்றுப்போயிருந்தது. விரலால் தொட்டேன், ஊறிய பிஸ்கோத்துபோல் உதிர்ந்தது. எண்பது வருஷம் சுமந்த கட்டையை நாலு வருஷத்தில் கெடுத்திருக்கிறேன்.

மாசி மாதத்தில் தளம் போட்டோம். நாலு பெண்கள் கொட்டாப்புளியோடு வந்தார்கள். நால்வருமே ஐம்பதைக் கடந்தவர்கள். ஐந்து நாள் அடித்தார்கள். கூலி, தார்த்தாளுக்குக் கொடுத்ததைப் போல் மூன்று பங்கு. “உங்கள் பெண்களுக்கு இந்த வேலை தெரியுமா, அம்மா?” என்று ஒருத்தியைக் கேட்டேன். “தெரிந்து எங்கேயய்யா அடிக்கிறது?” என்றாள்.

மாற்றுக் கட்டைகளுக்கு அலைய நேரவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு வீட்டை அடுக்கு மாடிக்காக இடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் கூடத்துத் தேக்கு இரண்டு இப்போது எங்கள் கூடத்துக்கு மேல் இருக்கிறது.