மூஞ்சூறும் மெய்ப்பாடும்

அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விலங்கையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். நகை பிறக்கும் இடங்களையும் அவர் நான்காகவே வகுத்தார். பேதைமையும் மடனும் இளமையும் எள்ளலும் அவை. மெய்ப்பாட்டியலை விரிவுரை மண்டபத்திற் கேட்ட நாட்களில் இவ்விரு பட்டியல்களும் எனக்குப் பரீட்சைக்குரிய செய்திகளாகவே இருந்தன. அவை ஒன்றையொன்று தொடும் இடத்தைக் காட்டியவை, கற்றோர் பொருட்படுத்தாத சில அமெரிக்கத் திரைப்படங்களாகும்.

1959ஆம் ஆண்டில் ரெக்சஸ் மாநிலத்திலே குறைந்த செலவில் எடுக்கப்பட்டது ‘த கில்லர் ஷ்ரூஸ்’. தனித்தீவொன்றில் ஆய்வு நடத்தும் விஞ்ஞானி, மனிதரின் உருவைச் சிறிதாக்கினால் உலகின் உணவு போதுமானதாகும் என்று கருதுகின்றார். அவரது சோதனைக்குட்பட்ட மூஞ்சூறுகளோ பேருருக்கொண்டு, பசியால் வெறியேறி, மனிதரை வேட்டையாடுகின்றன. எஞ்சியோர் உலோகப் பீப்பாய்களைக் கவிழ்த்துப் பிணைத்து, அவற்றினுள்ளே குந்தியபடி கடற்கரையை நோக்கி நகர்கின்றனர். மூஞ்சூறுகளாக ஓடியவை போர்வை அணிவிக்கப்பட்ட நாய்கள். அண்மைக் காட்சிகளில் தோன்றியவை கைப்பாவைகள். அஞ்சவைக்கவே படத்தை எடுத்தனர், பார்த்தவர்களோ சிரித்தனர். 1992இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் கேலி நிகழ்ச்சியொன்றும் அதனை எடுத்துக்கொள்ளவே, அச்சிரிப்பு மேலும் பரவியது. 2016இல் அப்படம் நகைச்சுவைத் திகிற் படமாகச் சிறு செலவில் மீண்டும் எடுக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. முதற்படம் தந்த நகை பேதைமையின்பாற்பட்டது. பேதைமையை வேண்டுமென்றே செய்துகாட்ட இயலுமா? இயலாது என்பதே என் எண்ணம். அறிந்து செய்யும் பேதைமை எள்ளலாகிவிடுகின்றது. ஆகவே இத்தகைய மீளாக்கம் எதுவாயினும், அது யாரை எள்ளுகின்றது என்று கேட்டாக வேண்டும்.

இவ்வினா எனக்கு ஏட்டளவில் நின்றதன்று. எமது மாணவர் நாடகமொன்றில், கடதாசிக் கூழாற் செய்த புலிமுகத்துடன் நான் மேடையேறினேன். உச்சக்கட்டத்தில் அதன் கயிறு அறுந்து, முகம் மார்பிலே தொங்கியது. மண்டபம் அதிரச் சிரித்தது. அந்த முகத்துக்கு வர்ணம் தீட்டிய நண்பன், மேடைக்குப் பின்னால் ஒரு வார்த்தையும் பேசாது நின்றான். மூன்று இரவுகள் அவன் அதற்காக விழித்திருந்தவன். அன்று முதல், இல்லாமையோடு முயன்றவரைப் பார்த்து எழும் சிரிப்பை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

அதற்காக நகையே வேண்டாம் என்பதன்று என் கட்சி. 1978இல் ஜோ டான்ரே இயக்கிய ‘பிரான்ஹா’ இதற்குச் சான்று. 1975இல் வெளிவந்த ‘ஜோஸ்’ படத்தின் புகழை ஒட்டி எழுந்த அப்படம், தன் எளிமையைத் தானே கேலிசெய்தது. கூடவே, வியட்நாம் நதிகளில் விடுவதற்கென அமெரிக்க இராணுவமே அந்த மீன்களை வளர்த்தது என்று கதை அமைத்து, அதிகாரத்தையும் எள்ளியது. 1995இல் அது தொலைக்காட்சிக்காக மீண்டும் எடுக்கப்பட்டபோது, பழைய படத்தின் மீன் காட்சிகளே பல இடங்களிற் பயன்படுத்தப்பட்டன. நகை மட்டும் நீக்கப்பட்டது. அதே மீன்கள், அதே பற்கள். ஆயினும் என்னிடத்தே அச்சமும் பிறக்கவில்லை. எளிய படைப்பு தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும்போதுதான் நாம் அதனோடு உடன்பட்டு அஞ்சுகின்றோம் போலும்.

எனவே, மீளாக்குவோர் பழைய படத்தின் போர்வை நாய்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. அதன் பசியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மூஞ்சூறுகளின் கதை தோன்றியபோது உலக மக்கட்டொகை ஏறத்தாழ 300 கோடி. 2022இல் அது 800 கோடியைக் கடந்தது. எல்லோருக்கும் உணவு எப்படிக் கிட்டும் என்ற அந்த விஞ்ஞானியின் கேள்வி நகைப்புக்குரியதன்று. அக்கேள்வியை மறவாது, எள்ளலைத் தம்மீதும் வலியோர் மீதும் செலுத்துவார்களாயின், போர்வை நழுவி நாயின் கால் தெரிந்தாலும் குற்றமில்லை. அத்தகைய படத்துக்கு என் நண்பனை அழைத்துச் சென்று, அவனுக்கு அருகிலிருந்தே வாய்விட்டுச் சிரிக்க என்னால் இயலும்.