அடக்கி வைக்கச் சொல்கிறார்கள்

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. 'தண்ணி', 'போலாம்', 'வேண்டாம்' என்று பத்து இருபது வார்த்தைகள்தான் பேசுவான். பல்லடத்தை ஒட்டி ஒரு வளவில் இருக்கிறோம். நான் தறிப்பட்டறையில் தார் சுற்றுகிறேன். அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் வருவதைப் பற்றி எழுதுகிறேன். ஆஸ்பத்திரி, சந்தை, ரேசன் கடை, சொந்தக்காரர் ஊட்டுக் கல்யாணம். இவ்வளவுதானே என்பீர்கள். இவ்வளவுக்கும்தான் எங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது.

முதலில் அவனுடைய பயம். எங்கள் வீட்டைச் சுற்றி ராப்பகலாகத் தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் அவன் நன்றாகத் தூங்குவான். அதே பிள்ளை கோவை - திருச்சி ரோட்டில் பஸ் ஏர்-ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்து அலறுவான், மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். "தறிச் சத்தத்துல தூங்கறவனுக்கு பஸ் சத்தம் என்னத்தப் பண்ணும்? எல்லாம் நடிப்பு" என்கிறார்கள். நடிப்பில்லை. தறியின் அடுத்த அடி எப்போது விழும் என்று அவனுக்குத் தெரியும். ஹாரன் எப்போது வரும் என்று தெரியாது. சத்தத்தின் அளவைவிட, சொல்லாமல் வருவதுதான் அவனைக் கலக்குகிறது.

இது என் பிள்ளைக்கு மட்டும் உள்ளதல்ல. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேருக்குப் பதற்றம் ஒரு தனி நோய் என்று சொல்லும் அளவுக்கு இருக்கிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் எழுதினார்கள். சத்தம், வெளிச்சம், தொடுதல் இவற்றைத் தாங்க முடியாமையை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல்தான் சேர்த்தது.

ஆகவே, சொல்லாமல் எங்கும் கூட்டிப்போவதில்லை. முந்தின நாளே போனில் படம் காட்டுவேன். பஸ் ஸ்டாப், பஸ், ஆஸ்பத்திரி, போண்டாக் கடை, வீடு. இந்த வரிசை மாறக்கூடாது. பனியன் கம்பெனிக் கூட்டம் ஏறும் நேரத்தில் கிளம்புவதில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார இடமுள்ள பஸ்ஸில் ஏறுவோம். காதைச் சுற்றி மப்ளர். இன்னும் எத்தனை ஸ்டாப் என்று விரல் மடக்கிக் காட்டுவேன். அலற ஆரம்பித்தால் அதட்டுவதும் கிடையாது, சமாதானப் பேச்சும் கிடையாது. இறங்கி மர நிழலில் நிற்போம். அடங்கும்வரை நிற்பதுதான் மருந்து. அன்றைக்கு அரை நாள் கூலி போகும்.

இன்னொரு பயம் என்னுடையது. ஊர்த்தெருவுக்குள் போகும்போது எங்கம்மா எனக்கு நாலு பாடம் சொல்லித்தந்தாள்: "ஓரமா நட. சத்தம் போடாதே. ஆரையும் தொட்டுப்போடாதே. எதையும் எடுக்காதே." என் மகன் நாலையும் மீறுகிறான். நடுத்தெருவில் ஓடுகிறான். கத்துகிறான். எதிரே வருபவரின் சட்டைப் பித்தானைத் தொட்டுப் பார்க்கிறான். தாகமெடுத்தால் கண்ணில் படுகிற தண்ணீரை எடுத்துக் குடிக்கிறான்.

ஒரு நாள் ஒரு பேக்கரியில் பக்கத்து மேசைப் பெரியவர் முன்னால் இருந்த டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டான். அவர் கோபப்படவில்லை. "பையனுக்கு ஏதாச்சும் ஒடம்புக்குங்களா அம்மிணி? எந்த ஊருங்க?" என்றார். ஊரைச் சொன்னேன். "அங்க எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னேன். அவ்வளவுதான். "ஏ புள்ள, பெத்தா போதுமா? அடக்கி வெக்கத் தெரியாது?" டம்ளரைக் கையாலும் தொடாமல் எழுந்து போனார். அதே பையன்தான், அதே டம்ளர்தான். முதல் கேள்விக்கு அவன் நோயாளி. மூன்றாவது கேள்விக்கு அவன் சாதி. அவர் தெருப் பிள்ளை செய்திருந்தால் 'பாவம் குழந்தை'. எங்கள் பிள்ளை செய்தால் 'வளர்ப்பு சரியில்லை'.

1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். என் மகன் எதையும் எதிர்த்துக் குடிக்கவில்லை. தாகத்துக்குக் குடித்தான். தாகத்துக்குக் குடிப்பதுகூடப் போராட்டமாகிவிடுகிற இடத்தில் அவனைப் பெற்றிருக்கிறேன்.

சட்டம் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் கிடையாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைச் சொல்லி அதைச் சேர்த்தது. அந்தச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளியைப் பொதுப் பார்வையில் படும் இடத்தில் அவமானப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ குற்றம் என்கிறது. இந்த வாசகத்தை நாம் முன்பே அறிவோம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்காகச் சொன்ன வாசகம் இது. தண்டனையும் ஒன்றே: ஆறு மாதம் முதல் ஐந்து வருடம். இரண்டு சட்டங்களும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. நாலு பேர் பார்க்கும் இடம். அவமானம் அங்கேதான் நடக்கிறது.

ஆனாலும் வீட்டுக்குள் பூட்டி வைக்கமாட்டேன். அவன் பயம் தீர அவன் தெருவைப் பழக வேண்டும். தெருவும் அவனைப் பழக வேண்டும்.

கடைசியாகத் தோழர்களுக்கு. நம் கூட்டத்திலும் என் மகன் கத்தினால் தலைகள் திரும்புகின்றன. "கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க தோழர்" என்று மெல்லச் சொல்கிறார்கள். மெல்லச் சொன்னாலும் அதுவும் அடக்கி வைக்கச் சொல்வதுதான். பறை நம் பெருமை, அடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் சொல்லுங்கள். அவனுக்கு விரல் மடக்கிக் காட்டிவிடுகிறேன். வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். நாங்கள் வருவோம். அவன் கத்துவான். கூட்டம் நடக்கட்டும்.