புதுச்சொல்லும் பழைய நிரலும்

மொழி வளர வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், புதிய சொல்லொன்று மொழிக்குள் நுழையும்போது, முன்பே எழுதப்பட்டவற்றின் கதி யாதாகும் என எண்ணிப் பார்ப்போர் சிலரே. கணினிக்கென அமைந்த 'சி' மொழியின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

1970களின் தொடக்கத்தில், பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி இம்மொழியை ஆக்கினார். 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரம் இதற்கு 32 திறவுச்சொற்களை வரையறுத்தது. திறவுச்சொல் என்பது மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல். நிரல் எழுதுவோர் அதனை வேறெதற்கும் பெயராகச் சூட்டுதல் ஆகாது. 1999ஆம் ஆண்டின் தரம் மேலும் ஐந்தைச் சேர்த்தது. அவற்றுள் ஒன்று 'ரெஸ்டிரிக்ட்'. அப்பெயரை முன்னரே தம் மாறிக்கு இட்டிருந்தவரின் நிரல், அவர் ஓரெழுத்தும் மாற்றாதிருக்கவே, புதிய விதியின்கீழ்ப் பிழையாயிற்று.

இதனினும் இடர் மிக்கது தலைப்புக் கோப்புகளின் நிலை. இயங்குதளம் வழங்கும் அக்கோப்புகளை எண்ணற்ற நிரல்கள் தம்முள் சேர்த்துக்கொள்கின்றன. பழைய தொகுப்பியும் அவற்றைப் படிக்கும். புதிய தொகுப்பியும் படிக்கும். சி++ மொழியின் தொகுப்பியும் படிக்கும். சி++ மொழித் தரத்திலோ 'ரெஸ்டிரிக்ட்' என்னும் திறவுச்சொல்லே இல்லை. ஆதலின், க்னூ சி நூலகத்தின் கோப்புகள் அச்சொல்லின் முன் இரண்டு அடிக்கோடுகள் இட்டே அதனை எழுதுகின்றன. தொகுப்பி அதனை அறியாவிடில், அச்சொல் வெறுமையாய் மறையுமாறு ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.

மறுதலையான சிக்கலும் உண்டு. 'கிளாஸ்' என்பது சி மொழியில் எவரும் இடத்தக்க பெயர். சி++ மொழியில் திறவுச்சொல். எனவே, எக்ஸ்லிப் நூலகத்தின் தலைப்புக் கோப்பு ஒரே உறுப்புக்குச் சி மொழியில் 'கிளாஸ்' என்றும், சி++ மொழியில் 'சி_கிளாஸ்' என்றும் இரு பெயர் தருகின்றது.

1999ஆம் ஆண்டினர் மற்றோர் இடத்தில் முன்னெச்சரிக்கையோடு நடந்துகொண்டனர். மெய், பொய் என்னும் இருமதிப்பு வகைக்கு, அடிக்கோடும் பெரிய எழுத்தும் முன்வரும் சொல்லையே தெரிந்தெடுத்தனர். அவ்வடிவப் பெயர்களை 1989ஆம் ஆண்டின் தரமே ஒதுக்கி வைத்திருந்தது. எளிய வடிவை விரும்பியோர் ஒரு தலைப்புக் கோப்பைச் சேர்த்து அதனைப் பெற்றனர், விரும்பாதோருக்கு இடையூறில்லை. 2024இல் வெளியான தரமோ அவ்வெளிய வடிவையே திறவுச்சொல்லாக்கியது. 2025இல் ஜிசிசி தொகுப்பியின் 15ஆம் பதிப்பு அத்தரத்தை இயல்பாக ஏற்றபோது, அப்பெயரில் தாமே வகை ஆக்கியிருந்த பழைய நிரல்கள் தொகுப்புக்கு உட்படாமல் நின்றன.

எழுதியவர் விலகிப் போயிருக்கலாம். அவரது நிரலோ இன்னும் எங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்துக்கொண்டிருக்கலாம். தாம் காணாத அந்நிரலையும் கருத்திற்கொண்டு விதி வகுப்பதே மொழி வல்லுநரின் கடமையாகும்.