அன்னப்பட்சியும் ஒன்பது புள்ளிகளும்

உங்கள் வீட்டு ஆல்பத்தைச் சற்று எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பின்னால் தொங்கும் காலண்டரில் தேதிகூடப் பளிச்சென்று தெரியும். முன்னால் நிற்கும் அத்தையின் முகம் மட்டும் பஞ்சு மிட்டாய் மாதிரி கலைந்திருக்கும். அப்படி ஒரு படமாவது இல்லாத வீடு உண்டா? எங்கள் வீட்டில் ஒன்றல்ல, 32 படங்கள் இருக்கின்றன. அத்தனையையும் எடுத்த புண்ணியவதி நான்தான்.

என் பிள்ளைக்குப் புனேயில் வேலை கிடைத்தபோது, "எனக்குச் செல்போன் போதும் அம்மா, இது உன்னிடமே இருக்கட்டும்" என்று தன் பெரிய காமிராவையும் இரண்டு லென்ஸுகளையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனான். "இந்த அம்மிக்கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அதைக் கையில் எடுத்தேன் என்றால், சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

2018-ம் வருஷம் என் நாத்தனார் பெண்ணுக்கு வளைகாப்பு. என் மாமியாருக்கு அப்போது வயது 83. போட்டோ என்றாலே சமையலறைக்குள் போய்விடுகிறவர். நான் இந்த வீட்டுக்கு வந்த முப்பது வருஷத்தில் அவராக விரும்பி ஒரு படத்துக்கு உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு என்ன தோன்றிற்றோ, "குழந்தை கையில் வளையல் போடறேன், ஒரு படம் எடேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மணையில் பேத்தி, பக்கத்தில் பாட்டி, முன்னால் குத்துவிளக்கு. மாற்றி மாற்றி எடுத்துத் தள்ளினேன்.

சாயங்காலம் எல்லோரும் கூடி உட்கார்ந்து டெலிவிஷனில் போட்டுப் பார்த்தோம். விளக்கின் உச்சியில் இருந்த அன்னப்பட்சி பிரமாதமாக விழுந்திருந்தது. அதன் மூக்கில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்குக்கூடத் தெரிந்தது. அதற்குப் பின்னால் அரக்கும் மஞ்சளுமாக இரண்டு புகைமண்டலங்கள். அரக்கு என் மாமியார்; மஞ்சள் பேத்தி.

"ஏண்டியம்மா, இந்தப் பட்சிக்குத்தான் வளைகாப்பா?" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு அவர் உள்ளே போய், தம் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து வந்தார். அவருடைய கல்யாணப் படம். 1953-ல் கும்பகோணத்தில் எடுத்தது. போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "அசையாமல் இருங்கோ" என்று சொன்னாராம். அதே சமயம் ஐந்து வயதுத் தம்பி படியில் தடுக்கி விழ, கல்யாணப் பெண் சட்டென்று திரும்பிவிட்டாள். மாமனார் ஜம்மென்று இருக்கிறார். அவர் பக்கத்தில் நகை இருக்கிறது, புடவை இருக்கிறது, முகம் மட்டும் இல்லை. அதனால்தான் அந்தப் படம் சுவரில் ஏறவே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அறுபத்தைந்து வருஷம் கழிச்சு இன்னிக்கும் அதே கதிதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ராத்திரி மோர்சாதம்கூட வேண்டாமென்று படுத்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. கல்யாணப் படத்தின் கோளாறு வேறு, என்னுடைய கோளாறு வேறு. ஆள் அசைந்தால் அந்த ஆள் மட்டும் கலைவார். கை நடுங்கினால் படம் முழுவதுமே கலையும். படத்தில் எங்கேயோ ஒரு பொருள் மட்டும் ஊசிமுனைபோல் தெளிவாக இருந்து, வேண்டியது மங்கியிருந்தால், காமிரா இடம் தவறிப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். கலைந்த படம் எதுவானாலும் "கை ஆடிவிட்டது" என்று பழி போடுகிறோமே, பல சமயம் கை பாவம், ஒன்றுமே செய்திருக்காது.

மாடி வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கும் பையன் ஒருவன் இருந்தான். மறுநாளே காமிராவுடன் அவனிடம் போனேன். தலைமேலிருந்த சக்கரத்தைப் பார்த்ததுமே, "மாமி, பச்சைக் கட்டத்தில் வைத்திருக்கிறீர்களே! இதில் எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் காமிராவே முடிவு செய்துவிடும். அநேகமாக, கிட்டத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும்" என்றான். பந்தியில் வாசல் பக்கத்து முதல் இலையிலேயே பாயசம் முழுவதையும் கவிழ்த்துவிடுகிற பரிசாரகனை எனக்கு நினைவு வந்தது.

சக்கரத்தை 'பி' என்ற எழுத்துக்குத் திருப்பினான். காமிராவின் முதுகில் வலது கட்டைவிரல் படும் மூலையில் ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்திவிட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தால், உள்ளே ஒன்பது புள்ளிகள். விரலருகே உள்ள பல் சக்கரத்தை உருட்டினால் ஒன்று மாற்றி ஒன்றாகச் சிவப்பு வெளிச்சம் நகர்கிறது. எந்தப் புள்ளியில் நிறுத்துகிறோமோ, அந்தப் புள்ளியின் கீழ் இருப்பதைத்தான் காமிரா பார்க்கும். குத்துவிளக்கு வந்து கும்பிட்டாலும் திரும்பாது. படம் எடுக்கும் பொத்தானைப் பாதி அழுத்தினால் 'கீச்' என்ற சத்தத்தோடு புள்ளி மின்னும். அதற்குப் பிறகு முழுக்க அழுத்த வேண்டும். பச்சைக் கட்டத்திலும் இந்த மின்னல் உண்டாம். அப்படியானால் அன்று 32 தடவையும் அது அன்னப்பட்சியின் மேல் மின்னி எனக்குச் சொல்லித்தான் இருக்கிறது. அதை நான் எங்கே கவனித்தேன்!

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் காமிராவைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தவர், "அட, மூணு புள்ளி, இடுக்குப் புள்ளி ஒண்ணு வரைக்கும்!" என்றார். எனக்கு உறைக்கவே இல்லை, பாருங்கள்! நடுவில் மூன்று, மேலும் கீழும் இரண்டிரண்டு, அதற்கப்பால் ஒவ்வொன்று. தினம் வாசலில் வைக்கிற கோலம்தான் அது.

அன்று முதல் ஒரு வாரம் எங்கள் சமையலறை ஸ்டூடியோவாகிவிட்டது. அலமாரியில் வரிசையாக இருக்கும் டப்பாக்களில் மூன்றாவது டப்பாவை மட்டும் பிடிக்கப் பழகினேன். பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்திருந்த என் வீட்டுக்காரரை எடுத்தேன். முதலில் தலைப்புச் செய்தி விழுந்தது, பிறகு புள்ளியை மேலே ஏற்றி மூக்குக்கண்ணாடியைப் பிடித்தேன். வெள்ளைச் சுவரில் புள்ளியை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துவிட்டு ஓய்ந்துபோகிறது. பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு கோடோ விளிம்போ வேண்டுமாம். என் காமிராவில் நடுப் புள்ளி எல்லாவற்றிலும் சமர்த்து. குறுக்குக் கோடு, நெடுக்குக் கோடு இரண்டையும் காணும். ஓரத்துப் புள்ளிகளுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது, இருட்டினால் திணறும்.

"அப்படியானால் நடுப் புள்ளியாலேயே முகத்தைப் பிடித்து, பாதி அழுத்தியபடி காமிராவைத் திருப்பிக்கொண்டால் என்ன?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தூரத்து ஆளுக்கு அது சரிப்படும். கிட்டத்தில் ஆபத்து. பிள்ளை விட்டுப்போன 50 மில்லிமீட்டர் லென்ஸை முழுக்கத் திறந்து, அதாவது 1.8-ல் வைத்து, மூன்றடி தூரத்தில் ஒருவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. காமிராவைக் கொஞ்சம் சாய்ப்பதற்குள் அந்த அங்குலம் கண்ணை விட்டுக் காதுக்குப் போய்விடும். ஆகையால் முகம் எங்கே வருமோ அங்கே இருக்கும் புள்ளியை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்வதுதான் நல்லது. நம் பக்கம் இருக்கும் கண்ணின் மேல் வைக்க வேண்டும்.

1985-ல் வந்த மினோல்டா 7000 காமிராவில் நடுவில் ஒரே ஓர் இடம்தான் உண்டாம். 1992-ல் கானன் கம்பெனியின் ஒரு பிலிம் காமிரா, எடுப்பவரின் கண் உள்ளே எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, ஐந்து புள்ளிகளில் ஒன்றைத் தானே பொறுக்கிக்கொண்டதாம். இதையெல்லாம் மாடி வீட்டுப் பையன்தான் சொன்னான். எனக்கு என் கட்டைவிரல் போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஜன்னலோரத்தில் மாமியார் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். கை முன்னால், முகம் பின்னால். இரண்டுக்கும் ஒரு முழ இடைவெளி. இரண்டும் சேர்ந்து தெளிவாக விழாது என்று இதற்குள் எனக்குத் தெரியும். நான் மேல் புள்ளிக்கு உருட்டி அவர் கண்ணில் வைத்தேன். 'கீச்.' எடுத்தாயிற்று.

அதை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கன்னத்து மச்சத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நன்னா இருக்கு. இப்போ கையை எடு" என்றார்.

"கை எதற்கு அம்மா?"

"எடேன், சொல்றேன்."

கீழ்ப் புள்ளிக்கு இறக்கினேன். நாரைச் சுண்டி முடிச்சுப் போடும் அந்த இரண்டு விரல்கள், கோணிப்போன நகம், குக்கர் சுட்ட தழும்பு எல்லாம் விழுந்தன. முகம் பின்னால் மெல்லக் கரைந்திருந்தது. ஏன் கையை எடுக்கச் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

2021-ல் அவர் போய்விட்டார். முகப்படம் கூடத்தில் மாமனார் பக்கத்தில் இருக்கிறது. கைப்படத்தைச் சமையலறையில் டப்பா அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

போன நவராத்திரிக்குப் பிள்ளை வந்திருந்தான். கையில் புதுக் காமிரா. மனிதர்களின் கண்ணை அதுவே தேடிப் பிடித்துக் கட்டம் போட்டுவிடுமாம். புள்ளியும் வேண்டாம், உருட்டலும் வேண்டாம். நான் கூடத்தில் பக்கவாட்டில் திரும்பி நின்று, மாமியார் படத்துக்குச் சரம் சாத்திக்கொண்டிருந்தேன்.

"அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பேன். கட்டம் உன்னை விட்டுப் பாட்டி மேலே போய் உட்கார்ந்துவிட்டது" என்றான்.

"இருக்கட்டும், அப்படியே எடு" என்றேன்.

எடுத்தான். நான் அதில் கொஞ்சம் மசமசவென்றுதான் இருக்கிறேன்.