எம்.எல்.ஏ. பக்கத்தில் ஒரு விஞ்ஞானி... சம்பளம் யார் தர்றது?

என் அக்கா பொண்ணு மண்ணியலில் பிஎச்.டி. முடிக்கப் போறா. போன நோம்பிக்கு ஊருக்கு வந்தப்ப ஒரு கேள்வி கேட்டா.

"ஏனுங் மாமா, நம்ம சட்டசபையில விஞ்ஞானம் படிச்சவங்களுக்கு ஏதாச்சும் வேலை இருக்குதுங்களா? எம்.எல்.ஏ. ஆகறதுக்கு இல்லீங்க. அவங்க பக்கத்துல உக்காந்து, மசோதாவைப் படிச்சு, இதுல இன்னது இருக்குதுன்னு எடுத்துச் சொல்றதுக்கு."

"அரசியல்வாதி வாசல்ல போய் நிக்கறதுக்கா இத்தனை வருசம் படிச்சே?" அக்கா உள்ளே இருந்தே ஒரு அதட்டு போட்டாங்க. பேச்சு அத்தோட முடிஞ்சது. கேள்வி மட்டும் என் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. தேடிப் படிச்சதை எல்லாம் இங்க கொட்டிடறேன்.

முதல்ல வெளியூர் சமாச்சாரம். அமெரிக்காவில் 1973-லேயே இதை ஆரம்பிச்சுட்டாங்க. அறிவியல் முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கம் அந்த வருசம் சில விஞ்ஞானிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு ஒரு வருசத்துக்கு அனுப்பி வைத்தது. இன்றைக்கும் அந்த வழக்கம் தொடருது. மாநில அளவில் பார்த்தால் கலிபோர்னியாதான் முன்னோடி. அங்கே அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சில்னு ஒரு அமைப்பு, 2009 முதல் டாக்டரேட் முடிச்ச ஆட்களைச் சட்டமன்ற அலுவலகங்களில் ஒரு வருசம் உட்கார வைக்குது. ஃபெலோன்னு பேரு. ஓட்டுப் போடற உரிமை கிடையாது, கட்சி வேலையும் கிடையாது. மசோதாவைப் படிக்கணும், கேள்வி தயார் பண்ணணும், புரியாததைப் புரிய வைக்கணும். அவ்வளவுதான்.

நம்ம நாட்டில் இதற்குக் கிட்டத்தில் வர்றது டில்லியில் பி.ஆர்.எஸ். அமைப்பு நடத்தும் லாம்ப் ஃபெலோஷிப். 2010-ல் ஆரம்பிச்சது. இளம் பட்டதாரிகள் ஆளுக்கு ஒரு எம்.பி.யோடு மழைக்காலக் கூட்டத்தொடரில் தொடங்கி பட்ஜெட் கூட்டத்தொடர் வரை வேலை பார்க்கிறாங்க. ஆனால் அது எம்.பி.க்களுக்கு மட்டும். விஞ்ஞானிகளுக்கென்று தனியா வச்சதும் இல்லை.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் ஃபெலோஷிப் திட்டம் 2022-ல் வந்தது. முதல் அணியில் 30 பேர். அடுத்து பசுமை ஃபெலோஷிப் வந்து, மாவட்ட ஆட்சியர்களோடு சூழல் சார்ந்த வேலைகளுக்கு ஆள் போட்டாங்க. ரெண்டும் நல்ல விஷயம், மறுக்கலை. ஆனா ஒண்ணு கவனிங்க. இந்த ஃபெலோக்கள் எல்லாரும் அரசு நிர்வாகத்தின் பக்கம் இருக்காங்க. அந்த நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டிய 234 உறுப்பினர்கள் பக்கத்தில் யாரு இருக்கா? பி.ஏ. இருக்கார், கல்யாணப் பத்திரிகை வாங்கி வைக்க :)

விஞ்ஞானி அங்கே போய் என்ன கிழிக்கப் போறார்னு கேட்பீங்க. நம்ம நொய்யலையே எடுத்துக்கலாம்.

ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிச்சாங்க, பாசனத்துக்கு. கொஞ்ச வருசத்துலேயே திருப்பூர் சாயத்தண்ணி வந்து தேங்குற குட்டையா அது மாறிப்போச்சு. அதுக்கு அப்புறம் சாயப்பட்டறைகளுக்குப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினாங்க. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுக் கலக்கி, கசடைப் படிய வைக்கிற முறை. நிறம் ஓரளவு போகும். பார்க்கறவங்க கண்ணுக்கு "ஆகா, தண்ணி தெளிஞ்சிருச்சு".

பிரச்சினை நிறத்தில் மட்டும் இல்லைங்க, உப்பில் இருந்தது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்கணும்னா சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ மூட்டை மூட்டையா கொட்டணும். அந்த உப்பு தண்ணியில் கரைஞ்சே நிக்கும். சுண்ணாம்பு போட்டால் போகாது. வாரிய விதிப்படி வெளியே விடும் தண்ணியில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த நிலையங்களின் முறையால் உப்பை எடுக்கவே முடியாது. சவ்வு வழியா தண்ணியை அழுத்திப் பிரிச்சு (ஆர்.ஓ.ன்னு வீட்டில் வைக்கிறோமே, அதேதான்), மிச்சமாகும் உப்புநீரைக் காய்ச்சி வற்ற வைக்கணும். செலவு பல மடங்கு.

இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் கிடையாது. வேதியியல் படிச்ச ஒருத்தர் பத்து நிமிசத்தில் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு விளக்கிடலாம். "சார், இந்த நிலையம் நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது. மந்திரிகிட்ட உப்பைப் பத்திக் கேளுங்க." இந்த ஒரு கேள்வி நிலையம் கட்டுறதுக்கு முன்னாடியே சபையில் அழுத்தமா விழுந்திருந்தா?

கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டது விவசாயிகள், கேட்ட இடம் நீதிமன்றம். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் வழக்குப் போட்டு, 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறச் சொல்லி, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, அப்படியும் நடக்காமல் 2011 ஜனவரி 28-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேல் பட்டறைகள். கீழே விவசாயிக்குத் தென்னை போச்சு, மேலே பட்டறைத் தொழிலாளிக்கு வேலை போச்சு. ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதான். அப்புறம் அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்துத்தான் நிலையங்களைச் சரி பண்ண வேண்டி வந்துச்சு.

அரசியல்வாதிக்கு விஞ்ஞானம் சொன்னாப் புரியுமான்னு நக்கலடிக்கிறவங்களுக்கு ஒரு பேர் சொல்றேன். நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர் சி.சுப்பிரமணியம். இயற்பியல் பட்டதாரி. மத்திய உணவு அமைச்சரா இருந்தப்ப விஞ்ஞானிகளை உட்கார வச்சுக் காது கொடுத்துக் கேட்டார். டில்லியில் தன் பங்களா புல்வெளியிலேயே புது ரகக் கோதுமை விதைச்சுப் பார்த்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்து இறங்கியது. பசுமைப் புரட்சி சரியா தப்பான்னு தனியா சண்டை போடலாம். ஆனா ஒரு மக்கள் பிரதிநிதி படிச்சவன் பேச்சைக் கேட்டு முடிவெடுக்க முடியும்ங்கிறதுக்கு அவரே சாட்சி.

சரி, இப்ப வில்லங்கத்துக்கு வருவோம். தலைப்பில் கேட்ட கேள்வி.

எம்.எல்.ஏ. பக்கத்தில் உட்காரும் விஞ்ஞானிக்குச் சம்பளம் யார் தர்றது? ஒரு உரக் கம்பெனியின் அறக்கட்டளை தந்தால்? பின்னலாடை முதலாளிகள் சேர்ந்து "சமூகப் பொறுப்பு நிதி"யில் தந்தால்? அந்த ஃபெலோ உப்பைப் பத்தி வாய் திறப்பாரா? திறந்தாலும் நாம நம்புவோமா?

அமெரிக்காக்காரங்க இதை யோசிச்சு வச்சிருக்காங்க. அங்கே வெளி அமைப்பு பணம் தரலாம். ஆனா பிரதிநிதிகள் சபை விதிப்படி, பணம் தரும் அமைப்புக்கு ஆதாயம் வரும் வேலையை அந்த ஃபெலோவுக்குக் கொடுக்கக் கூடாது. செனட்டில் வெளிச் சம்பளத்தில் நீண்ட நாள் வேலை செய்ய வருபவர், செனட்டின் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்படுவேன்னு எழுதிக் கொடுக்கணும்.

நம்ம ராஜ்யசபாவிலும் 1997 முதல் நெறிமுறைக் குழு இருக்கு, உறுப்பினர்களின் சொந்த நலன்களைப் பதிய ஒரு பதிவேடும் இருக்கு. அதெல்லாம் உறுப்பினர்களுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி எழுதித் தர்றவருக்கு? 2005 டிசம்பரில் கேள்வி கேட்கக் காசு வாங்கினதா 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டாங்களே, ஞாபகம் இருக்கா? கேள்விக்கு விலை இருக்குன்னா, அதை எழுதிக் கொடுக்கிற கைக்கும் விலை பேச ஆள் வரும்.

விஞ்ஞானின்னா நடுநிலை, கம்பெனிதான் கெட்டவன்னு நினைக்கவும் வேண்டாம். 2009-ல் நம்ம சட்டசபையில் மாநில வேளாண் மன்றச் சட்டம்னு ஒண்ணு நிறைவேறியது. வேளாண் பட்டம் வாங்கிப் பதிவு செய்தவர் மட்டும்தான் விவசாய ஆலோசனை சொல்லலாம்ங்கிற மாதிரி. நம்மாழ்வார் உள்ளிட்ட இயற்கை விவசாயிகள் கொதிச்செழுந்தாங்க, அப்புறம் அரசே அதைக் கைவிட்டது. நாற்பது வருசம் மஞ்சள் போட்ட கவுண்டர் பக்கத்துத் தோட்டக்காரருக்கு யோசனை சொன்னா குத்தமா? இங்கே ஆதாயம் அடையற தரப்பு பட்டதாரிகள்தான். அந்த மசோதாவைப் படிச்சுச் சொல்ல ஒரு வேளாண் பட்டதாரியை உட்கார வச்சிருந்தா, முதல்ல "இதில் எனக்கும் சம்பந்தம் இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டுத்தான் அவர் ஆரம்பிச்சிருக்கணும்.

ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டின விதிகள்:

1. சம்பளம் சட்டமன்றச் செயலகத்தின் கணக்கிலிருந்து வரணும். கம்பெனி, கட்சி, எம்.எல்.ஏ.வின் சொந்தப் பை, எதுவும் கூடாது.

2. சேரும்போதே சொத்து, பங்கு, முந்தைய ஆராய்ச்சிக்குப் பணம் தந்தவர் யார்னு எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கணும். அது யாரும் பார்க்கிற மாதிரி இருக்கணும்.

3. தனக்கோ தன் கல்லூரிக்கோ சம்பந்தமுள்ள மசோதா வந்தால் ஒதுங்கிக்கணும்.

4. ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் சமமா ஒதுக்கணும். யாருக்கு யார்ங்கிறதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தாலும் சரிதான்.

5. முடிச்சுட்டுப் போன பிறகு ரெண்டு வருசமாவது, தான் பார்த்த துறையில் எந்தக் கம்பெனிக்காகவும் அரசிடம் பேச வரக்கூடாது.

6. மசோதாவைப் படிக்க நேரம் தரணும். 2023 ஏப்ரல் 21-ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் பெரிசா விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நீர்நிலைகள் அடங்கிய, 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலங்களைச் சிறப்புத் திட்டங்களுக்கு ஒருங்கிணைப்பது பத்திய சட்டம் அது. இப்படி வேகமா ஓடினா, ஐன்ஸ்டீனே பக்கத்தில் உட்கார்ந்தாலும் பிரயோஜனமில்லை.

நாலாவது விதிக்கு எங்க வீட்டிலேயே எதிர்ப்பு. "எனக்குப் புடிக்காத கட்சிக்காரர் பக்கத்துல குலுக்கல்ல விழுந்தா என்னுங் மாமா பண்றது?"ன்னு அக்கா பொண்ணு போன்ல கேட்டா. "அம்முணி, உப்புக்குக் கட்சி கிடையாது"ன்னேன். சிரிச்சா. ஒத்துக்கிட்டாளான்னு தெரியலை.

பணத்துக்கு எங்கே போறதுன்னு கேட்டால், கணக்குப் போட்டுக்கலாம். ஆளுக்கு மாசம் 60,000 ரூபாய்னு வைங்க. 20 பேருக்கு வருசத்துக்கு 1 கோடியே 44 லட்சம். அந்த 200 கோடிக் கடனைப் பக்கத்தில் வச்சுப் பாருங்க. உப்பைப் பத்தி ஒரே ஒரு கேள்வியை நேரத்துக்குக் கேட்க வச்சிருந்தாலே போதும், நூறு வருசச் சம்பளத்துக்கு மேல் மிச்சம்.

உங்களுக்கு வேற விதி ஏதாச்சும் தோணுச்சுன்னா சொல்லுங்க, சேர்த்துக்கலாம்.